குள்ளமரக் காவல்

கதிரவேலு தண்ணீர்ச் செம்போடு வாசல் படலையைத் திறந்தபோது, ஒரு காகம் ஆலமரத்தின் உச்சியில் நின்று அதன் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஆலமரத்தின் உயரம் ஒன்றேகால் அடி. கிளைகள் வளைந்து வளரவேண்டும் என்பதற்காக அவற்றில் மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருந்தது. வைகாசி மாதம். காகங்கள் கூடு கட்டும் காலம். கம்பி கிடைத்தால் விடுமா? கதிரவேலு "சூ" என்றார். காகம் அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. அவர் கையிலிருந்த செம்பை வீசினார். காகம் கம்பியோடு பறந்துபோய்விட்டது. செம்பு ஆலின் இடப்பக்கக் கிளையில் பட்டு, கிளை முறிந்து தோலில் தொங்கியது.

அது இரண்டாம் நாள் காலை. இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மரங்களின் சொந்தக்காரர் சோமசேகரத்தார். மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து, பென்சனோடு தெல்லிப்பழைக்குத் திரும்பியவர். மகளின் பிள்ளைப்பேறுக்காக அவரும் மனைவி சின்னத்தங்கமும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். திரும்பிவர மூன்று கிழமையாகும். புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்புதான் இந்த மூன்று குள்ளமரங்களும் அவருடைய முன்வாசலில் உட்காரக் கட்டிய சீமெந்து வாங்கில் வந்து அமர்ந்தன. ஒரு ஆல், ஒரு இத்தி, ஒரு புளி. இதுவரை கண்ணூறு படாமல் வீட்டுக்குள் வைத்திருந்ததாகச் சொன்னார். யுத்தம் முடிந்து யப்பான்காரர் ஈப்போவை விட்டுப் புறப்பட்ட அன்று, ஒரு கப்டன் கண்ணீரோடு தன் கையில் கொடுத்தவை என்றார். ஒவ்வொன்றுக்கும் இப்போது ஐம்பது வயது என்றும் சொன்னார்.

கதிரவேலு பக்கத்து வீட்டு வெங்காயத் தோட்டக்காரர். சட்டியில் வளரும் மரத்தில் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை. அவருடைய ஆசையெல்லாம் எட்டடி நிலத்தில் இருந்தது. மகள் பத்மாசினிக்குச் சீதனமாக வைத்திருந்த காணி, சோமசேகரத்தாரின் வீட்டு வளவுக்குப் பின்னால் கிடந்தது. நாலு பக்கமும் பிறத்தியாரின் வேலி. மல்லாகத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணும் நல்லம், காணியும் நல்லம், காணிக்குள் எந்தப் பக்கத்தால் போவது என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். சோமசேகரத்தார் தன் வளவின் ஓரமாக எட்டடி அகலத்தில் ஒரு பாதை எழுதிக்கொடுத்தால் கலியாணம் ஒப்பேறும். நாலு வருசமாக அவர் "பாப்பம், பாப்பம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்புக்குப் புறப்பட்ட அன்றுதான் முதல்முறையாக வேறு மாதிரிச் சொன்னார்.

"மரம் மூண்டையும் உம்மட்டை விட்டிட்டுப் போறன், கதிரவேலு. நான் வந்த அடுத்த நாள் பாதை எழுத நொத்தாரிசிட்டைப் போவம்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை. வீட்டை கொண்டுபோய் வைச்சுக் கண்ணுக்குள்ளை பாக்கிறன்."

"அதை மட்டும் செய்யாதேயும். இடம் மாறினால் இலை கொட்டிப்போடும். உந்த வாங்கிலைதான் இருக்கோணும். நீர்தான் வந்து வந்து பாக்கோணும்."

இப்போது அந்த வாங்கின் முன்னால் நின்று, கதிரவேலு முறிந்த கிளையை வாழைநாரால் கட்டினார்.

காகத்தைக் கலைக்கக் காகம்தான் வேண்டும் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்த வைத்தியம். செத்த காகம் ஒன்றைக் கட்டித் தூக்கினால் மற்றவை அந்தப் பக்கம் வராது. சந்தியில் மின்சாரக் கம்பியில் அடிபட்டு விழுந்த காகம் ஒன்று வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருக்குக் கிடைத்தது. நீளமான மூங்கில் தடியில் அதைக் கட்டி, வாங்கின் பக்கத்தில் நட்டுவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை விடிய வந்து பார்த்தால், சோமசேகரத்தாரின் வளவில் நிலம் தெரியவில்லை. செத்த காகத்துக்குத் துக்கம் கொண்டாட ஊர்க் காகம் முழுக்க வந்திருந்தது. ஓட்டில், தென்னையில், கிணற்றுக் கப்பியில், வாங்கில், ஆலின் மேல், புளியின் மேல். அவர் ஒரு பக்கத்தால் கலைக்க, அவை மற்றப் பக்கத்தால் இறங்கின. ஒன்று அவருடைய உச்சந்தலையில் கொத்தியது. தோளில் கிடந்த துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் மரங்களுக்கு முன்னால் கையை விரித்தபடி நின்றார்.

ஒரு மணியளவில் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி மீனாம்பிகை வந்து நின்றாள். முகம் வாடிப்போயிருந்தது.

"இஞ்சாருங்கோ, உதை இறக்குங்கோ."

"இண்டைக்கு ஒரு நாள் பொறு. பழகினால் போயிடும்."

"இண்டைக்குச் சனிக்கிழமை, விரத நாள். ஒழுங்கையிலை ஒரு வீட்டிலையும் காகம் சோறெடுக்கேல்லை. நாலு வீட்டுப் பொம்பிளையள் இலையிலை சோத்தை வைச்சுக்கொண்டு பட்டினி கிடக்கினம். நானும்தான்."

கதிரவேலு மூங்கிலைச் சாய்த்தார். காகங்கள் உடனே போய்விடவில்லை. இருட்டியபிறகுதான் கடைசிக் காகம் எழும்பியது. ஆலின் அடியில் மெத்தையாய்ப் படர்ந்திருந்த பச்சைப் பாசியில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. மூன்று மரங்களும் சுண்ணாம்பு அடித்த நிறத்தில் நின்றன. அவர் ஒவ்வொரு இலையாக ஈரத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சில இலைகள் துணியோடு வந்தன.

இனி மூடிவைப்பதுதான் வழி என்று முடிவு செய்தார். மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் மார்க்கண்டுவிடம் பழைய வலைத்துண்டு கேட்டார். மார்க்கண்டு நல்ல மனிதர். அடுத்த நாளே கொண்டுவந்து, தானே நாலு தடி நட்டு, பந்தல்போலக் கட்டியும் கொடுத்தார். வலையைக் கழுவினீரா என்று கதிரவேலு கேட்க, கடலிலே நன்றாகக் கழுவித்தான் கொண்டுவந்தேன் என்றார்.

காகம் ஒன்றும் வரவில்லை. அன்று மத்தியானமே பூனைகள் வந்தன.

முதலில் இரண்டு வந்தன. வெயில் ஏற ஏற வலையின் வாசம் ஒழுங்கை கடந்து போயிருக்கவேண்டும். பின்னேரத்துக்குள் ஏழு ஆகிவிட்டது. அவை வலையின் மேல் படுத்து, கண்ணிகளில் ஒட்டியிருந்த செதிலை நக்கின. பாரம் தாங்காமல் பந்தல் இறங்கியது. கதிரவேலு தடியோடு ஓடிவந்ததைக் கண்டு ஆறு பூனைகள் பாய்ந்து தப்பின. ஏழாவது பூனையின் கால் வலையில் சிக்கிவிட்டது. அது வலையை இழுக்க, வலை தடியை இழுக்க, தடி இத்தியின் சட்டியைத் தட்டியது. சட்டி சீமெந்துத் தரையில் விழுந்து நாலாக உடைந்தது.

வேர் வெளியே தெரிய இத்தி படுத்துக் கிடந்தது. அவர் பூனையையும் விட்டுவிட்டு, வலையையும் விட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிச் சட்டி ஒன்று கேட்டார். மீனாம்பிகை குசினிக்குள் தேடி, விளிம்பு வெடித்த மண்சட்டி ஒன்றைக் கொடுத்தாள். அவர் அவசரத்தில் அதில் மண்ணை நிரப்பி இத்தியை நட்டார். நேற்றுவரை அந்தச் சட்டியில் சூடைமீன் காய்ச்சியதை அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. அன்றிலிருந்து ஏழு பூனைகளும் வலையை மறந்து, தினமும் முற்பகலில் சட்டியைச் சுற்றி வந்தன.

எட்டாம் நாள் கொழும்பிலிருந்து தபாலட்டை வந்தது. பேரன் பிறந்தான், தாயும் பிள்ளையும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, சோமசேகரத்தார் மிச்சத்தை மரங்களுக்காக ஒதுக்கியிருந்தார். 'மரங்களைத் தனியே விட வேண்டாம். ஊரவர் தோட்டங்களுக்குப் போய்விடும் முற்பகல் வேளையில் மிகக் கவனம்.'

கதிரவேலு அட்டையை இரண்டுதரம் வாசித்தார். பூனைகள் சரியாக அந்த நேரத்தில்தான் வந்தன. இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு அந்த மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது? மரத்தோடு பழகியவருக்கு மரத்தின் ஆபத்து தெரியும்போல என்று நினைத்தார். மரியாதையும் கூடியது, பயமும் கூடியது.

இந்தமுறை நிலத்திலிருந்தே அடைத்துவிடுவது என்று இறங்கினார். தன் வேலியிலிருந்து கிளுவையும் முள்முருக்கும் வெட்டி, இலையும் தடியுமாக வாங்கைச் சுற்றி மூன்று அடுக்காக நட்டார். பூனை நுழைய முடியாதபடி இடைவெளிகளில் பூவரசங் கொப்புகளைச் செருகினார். அரைநாள் வேலை. முடிந்ததும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். மரங்கள் வெளியே தெரியவே இல்லை. திருப்தியோடு புகையிலை வாங்கச் சந்திக்குப் போனார். போய்வரப் பத்து நிமிசம்.

திரும்பி வந்தபோது மரங்கள் நன்றாகத் தெரிந்தன.

பின் ஒழுங்கைத் தங்கமுத்துவின் ஆடுகள் மூன்றும் வேலியைத் தின்றுகொண்டிருந்தன. கிளுவை முடிந்துவிட்டது. பூவரசும் முடிந்துவிட்டது. நடுவில் நின்ற கறுப்பு ஆட்டின் வாயிலிருந்து புளியின் கடைசிக் கொப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதிரவேலு அதைப் பிடித்து இழுத்தார். ஆடும் இழுத்தது. ஆடு வென்றது.

சட்டியில் விரலளவு கட்டை ஒன்று மிஞ்சியிருந்தது.

ஆட்டைத் தேடிவந்த தங்கமுத்து, கதிரவேலுவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"உது என்ன மரம் அண்ணை? ஆட்டுக்கு ஏதும் செய்யுமோ?"

"யப்பான் புளி," என்றார் கதிரவேலு.

"அப்ப என்ரை ஆட்டுக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

அவர் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டைக்குள் மகளின் கலியாணம் இருந்தது.

அன்று சாப்பாடு கொண்டுவந்த பத்மாசினி சட்டியையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறொரு கன்றை வைத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டாள். மலாயன் மாமாவுக்குக் கண்ணும் மங்கல், ஒருவருக்கும் தெரியவராது என்றாள்.

அந்த யோசனை கதிரவேலுவுக்கும் வந்திருந்தது.

"பொய் சொல்லி வாங்கிற பாதையிலை நீ நடக்கக்கூடாது, பிள்ளை," என்றார். "மிஞ்சினதை நான் காப்பாத்திறன். வந்தவுடனை எல்லாத்தையும் சொல்லுறன். பிறகு அவரின்ரை மனசு."

பதினோராம் நாளிலிருந்து அவர் சோமசேகரத்தாரின் முன்வாசலுக்குக் குடிவந்தார். சாக்குக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வாங்கின் பக்கத்தில் போட்டார். ஒரு பொல்லுத் தடி, ஒரு அரிக்கன் லாம்பு, ஒரு வாளி தண்ணீர். சாப்பாடு வேலியால் வந்தது. குளிக்கப் போகும்போது மீனாம்பிகையைக் காவலுக்கு இருத்திவிட்டுப் போனார். தோட்டத்தில் வெங்காயம் தண்ணீருக்குக் காய்ந்தது. தாள் மஞ்சளாகிவிட்டது என்று மீனாம்பிகை வந்து சொன்னபோது, இஞ்சை பச்சையாய் மிஞ்சியிருக்கிறதே இரண்டுதான், அதுகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார்.

ஊர் சிரித்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் படலையில் நின்று, மரம் எப்படி, பசித்து அழுகிறதா என்று விசாரித்தார்கள். அவர் அதற்கெல்லாம் அசையவில்லை. ஆனால் ஒருவரையும் உள்ளே விடவுமில்லை. தபால்காரர்கூட வெளியிலேயே நின்று கையை நீட்டவேண்டியிருந்தது. பழைய பித்தளை வாங்குகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டு சாக்கோடு இரண்டு பேர் மூன்றுதரம் வந்தார்கள். வீட்டுக்காரர் எப்போது வருவார், நீங்கள் எப்போது போவீர்கள் என்று கேட்டார்கள். படலையைத் திறந்துவைத்தால் காற்றுக்கு மரம் ஆடும் என்று அவர் பொல்லைத் தூக்கினார். நாலாம்தரம் அவர்கள் வரவில்லை.

பதினைந்தாம் நாள் இரண்டாவது அட்டை வந்தது. 'இரவிலும் ஒருவர் பக்கத்தில் நிற்பது மரத்துக்கு நல்லது. விளக்கு எரியட்டும்.' தான் முன்கூட்டியே சரியாகச் செய்திருப்பதை எண்ணிக் கதிரவேலு முதல்முறையாகச் சற்று ஆறுதலடைந்தார்.

பதினெட்டாம் நாள் புளியங்கட்டையில் ஒரு தளிர் வந்தது. கடுகளவுதான். அவர் அதை மீனாம்பிகைக்குக் காட்டினார், பத்மாசினிக்குக் காட்டினார், வேலியால் தங்கமுத்துவைக் கூப்பிட்டும் காட்டினார். இரண்டு நாள் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தளிர் விரிந்து இரண்டு இலையானது. இருபதாம் நாள் மத்தியானம், நித்திரையில்லாத பத்து நாளும் சேர்ந்து அவருடைய இமையை ஒரு கணம் அழுத்தின. கண்ணைத் திறந்தபோது சட்டியின் விளிம்பில் ஒரு அணில் இருந்தது. முன்னங்கால் இரண்டாலும் எதையோ பிடித்து நிதானமாகக் கொறித்துக்கொண்டிருந்தது. அவர் எழும்பவில்லை. கலைக்கவுமில்லை. அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருபத்தோராம் நாள் காலை ஸ்டேசனிலிருந்து கார் வந்து படலையில் நின்றது.

கதிரவேலு விடியவே முழுகி, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு வாங்கின் பக்கத்தில் நின்றார். சொல்லவேண்டியதை இரவு முழுக்க மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார். சின்னத்தங்கம் திறப்புக் கோர்வையோடு அவரைக் கடந்து கதவைத் திறந்து உள்ளே போனாள். சோமசேகரத்தார் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, சாக்குக் கட்டிலைப் பார்த்தார், லாம்பைப் பார்த்தார், பொல்லைப் பார்த்தார். மரங்களைப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லையாக்கும் என்று கதிரவேலு நினைத்தார்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டையும் மறைக்கமாட்டன்," என்று தொடங்கினார். செம்பு எறிந்ததைச் சொன்னார். செத்த காகத்தைச் சொன்னார். வலை, பூனை, மண்சட்டி, கிளுவை வேலி, கறுப்பு ஆடு, அணில் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். ஆலுக்கு ஒரு கிளை இல்லை, இத்திக்குச் சட்டி இல்லை, புளிக்குப் புளியே இல்லை என்று முடித்தார். கப்டனின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுகூடச் சொல்லிவிட்டார்.

சோமசேகரத்தார் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீர் இஞ்சையே படுத்தனீர்?"

"ஓம் அண்ணை. பத்து நாளாய்."

"ராவிலையும்?"

"ஓம். லாம்பும் நூரவிடேல்லை."

சோமசேகரத்தார் வீட்டின் பக்கமாக நடந்தார். யன்னல் யன்னலாகத் தடவிப் பார்த்துக்கொண்டு பின்புறம் போய், மற்றப் பக்கத்தால் சுற்றி வந்தார். துக்கத்தை அடக்கத்தான் மனிதர் இப்படி நடக்கிறார் என்று கதிரவேலுவுக்கு விளங்கியது. எட்டடியும் போய்விட்டது என்பதும் விளங்கியது. கைகளைக் கட்டிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்து நின்றார்.

திரும்பி வந்த சோமசேகரத்தார் அவருடைய தோளில் கையை வைத்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நொத்தாரிசிட்டைப் போவம். எட்டடி காணாது, கதிரவேலு. கார் போகவேணுமெல்லே. பத்தடியாய் எழுதுவம்."

ஐம்பது வருச மரம் மூன்றை அழித்தவனுக்கு இரண்டடி கூட்டிக் கொடுக்கிற மனம் எவருக்கு வரும்? குனிந்து அந்தக் காலைத் தொடலாமா என்று கதிரவேலு யோசித்துக்கொண்டிருக்கையில், உள்ளறையிலிருந்து சின்னத்தங்கத்தின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, பெட்டகம் அலுமாரி எல்லாம் வைச்சது வைச்சபடி கிடக்கு; வீட்டுக்குக் காவல் இருங்கோ எண்டால் ஒருத்தரும் வந்து படுக்கமாட்டினம், மூண்டு மரக்கண்டைச் சட்டியிலை நட்டு யப்பான் மரம் எண்டு குடுப்பம் எண்டு நீங்கள் சொன்னது சரியாத்தான் போச்சு."